சம்பந்தி முன்னால, நான் பின்னால

தம்பி, கையை நல்லாவே வெச்சுக்குங்க. எனக்கு எடம் போதுமுங்க. ஏரோப்ளேன்ல நடு சீட்டுன்னா இப்படித்தான். எனக்கு ஜன்னல் சீட்டுத்தான் போட்டிருந்தாங்க, நாந்தான் சம்பந்தியை அங்க உக்கார வெச்சுட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரரு நடுவுல நசுங்கிட்டு வர, பொண்ணைக் குடுத்தவன் வேடிக்கை பாத்துட்டு வந்தா ஊரு என்ன பேசும்? ஆகாசத்துல ஊரு ஏதுங்கறீங்களா? அதுஞ்செரிதான். ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க. அவரு பாருங்க, உக்காந்ததும் ஜன்னலைச் சாத்திட்டுக் கண்ணையும் மூடிட்டாரு. வேடிக்கையாச்சும் பாத்திருந்தார்னா எனக்கு மனசு ஆறியிருக்கும்.

ஏனுங்க மெதுவாப் பேசறீங்க? சத்தமாவே பேசுங்க. அவருக்குக் காது கேக்காதுங்க. பேரு நாச்சிமுத்து, திருச்செங்கோட்டுக்காரரு. போர்வெல் வண்டி வெச்சு ஊரூராப் போயி பூமியைத் தொளைச்ச மனுசன். அந்தச் சத்தத்துலயே காது போயிருச்சு. காதுக்கு ஒரு மெஷின் இருக்குது. அதைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுட்டார்னா இடி விழுந்தாலும் தெரியாதுன்னு அவிய வீட்டம்மாவே சொல்லியிருக்கறாங்க. அந்தம்மா பேச வாயெடுத்தாப் போதும், இவரு கை தானாக் காதுக்குப் போயிரும். கழட்டிப் பையில போட்டுட்டு நிம்மதியாச் சோத்தைப் பெசைவாரு. பாவமுங்க அந்தம்மா, கத்திக் கத்தி ஓஞ்சு போயிருவாங்க. இப்பவும் மெஷின் பையிலதான் கெடக்குது பாருங்க.

நீங்க அபுதாபியிலயே வேலையுங்களா? செரி செரி. நாங்க பிரான்ஸ் போயிட்டு வர்றோமுங்க. என்ற பொண்ணு கோகிலாவும் மாப்பிள்ளையும் அங்கதான் இருக்கறாங்க. பேத்தி பொறந்திருக்குது. ரெண்டு தாத்தனும் பேர் வெக்கப் போயிருந்தோம். அவிய வீட்டம்மா புள்ளையைப் பாத்துக்க அங்கயே நின்னுட்டாங்க. எங்க வீட்ல, என்ற சம்சாரம், உசுரோட இருந்திருந்தா அவ நின்னுருப்பா. அவ போயி மூணு வருசமாச்சுங்க.

பிரான்ஸ்னா நீங்க படத்துல பாக்கற பெரிய கோபுரத்து ஊரு இல்லீங்க. துலூஸ்னு ஒரு ஊரு, அதுக்கும் அக்கட்ட ஒரு கிராமம். எங்க பாத்தாலும் சூரியகாந்திக் காடும் கோதுமைக் காடுந்தான். நெலம் மெதுவா ஏறும், மெதுவா எறங்கும். நம்ம பெருந்துறைப் பக்கத்து மேடு பள்ளத்தை யாரோ இஸ்திரி போட்டு விரிச்ச மாதிரி இருக்கும். ரோடு ஒரு வண்டி போற அகலந்தான், அந்த ஒரு வண்டியும் வராது. லாரி இல்லை, ஆரன் இல்லை, எங்கயும் மைக்செட்டு இல்லை. முன்னால போறவரு மூச்சு வாங்கறது பின்னால வர்றவனுக்குக் கேக்குமுங்க. அப்படி ஒரு அமைதி.

வீட்டுக்குள்ள ரெண்டு கெழவனுக்கு என்ன சோலி? அவரு தொட்டிலை இந்தப் பக்கம் இழுத்தா நான் அந்தப் பக்கம் இழுப்பேன். புள்ளை நடுவுல முழிச்சுட்டுக் கெடக்கும். அதைப் பாத்துட்டு மாப்பிள்ளை ஒரு ரோசனை பண்ணுனாரு. வீட்டு ஓனரு கொட்டாயில ரெண்டு சைக்கிளு சும்மா நின்னுச்சு. "அப்பா, மாமா, ரெண்டு பேரும் வெடியால எந்திரிச்சதும் ஒரு எட்டு பக்கத்து ஊருக்குப் போயி ரொட்டி வாங்கிட்டு வந்துருங்க"ன்னாரு. அங்க ரொட்டி கை நீளத்துக்கு இருக்குமுங்க, குச்சியாட்ட. ஒரு ரொட்டிக்கு ரெண்டு பேரான்னு கேக்கப்படாது. எங்களை வீட்டை விட்டுக் கெளப்பறதுக்குத்தான்னு எனக்குத் தெரியாதுங்களா.

சைக்கிளுன்னா எனக்குக் கை வந்த கலை. பெருந்துறையில பஞ்சு மில்லுல வேலை. எங்க வீட்லயும் அதே மில்லுல நூல் செக்சன். முப்பது வருசம் அவளைக் கேரியர்ல உக்கார வெச்சு மிதிச்சவன் நானு. ஏத்தத்துல எறங்கறேன்னு சொல்லுவா, எறங்க உட மாட்டேன். சம்பந்தி கதை வேற. காருல ஏறுனா எறங்காத மனுசன். சைக்கிள்ல ஏறுனதும் ஹேண்டில் பாரை எருமைக் கொம்பைப் புடிக்கற மாதிரி புடிச்சுட்டுப் போனாரு. நடந்து போறவன் அவரைத் தாண்டிருவான். ஆனா நான் தாண்டலாமுங்களா? பொண்ணைக் குடுத்தவன் சம்பந்தியை முந்திட்டுப் போனா அதைவிட மரியாதைக் கொறைச்சல் உண்டுங்களா? அதனால அவரு முன்னால, நான் பின்னால. நான் பிரேக்கைப் புடிச்சுப் புடிச்சே பிரான்ஸைப் பாத்தனுங்க.

இதுல இன்னொண்ணு. சைக்கிள்ல ஏறறப்பவே அவரு மெஷினைக் கழட்டிப் பையில போட்டுருவாரு. காத்துல விசில் அடிக்குதாம். அதனால பேச்சுத் தொணைக்கும் ஆளில்லை. நான் வாயில்லாப் பூச்சிதான், இருந்தாலும் எத்தனை நேரத்துக்கு சும்மா வர்றதுங்க? எனக்கு ஒரு பழக்கம். மில்லுக்குப் போறப்ப வழி பூராப் பின்னால திரும்பாமலே எங்க வீட்லகிட்டப் பேசிட்டே மிதிப்பேன். அவ "ம்" கொட்டிட்டு வருவா. அவ போயும் அந்தப் பழக்கம் போகலை. கேரியர்ல ஆளில்லைன்னு காலுக்குத் தெரியுது, வாய்க்குத் தெரியலை. சிரிக்காதீங்க தம்பி.

அதனால நான்பாட்டுக்கு எங்க வீட்லகிட்டப் பேசிட்டே போனேன். அவ பேரு பூவாத்தா. "பூவு, முன்னால போறதைப் பாத்தியா? மாடு செக்கைச் சுத்தற மாதிரி போறாரு. இந்த வேகத்துல போனா ரொட்டி நாளைக்குத்தான் வீடு வந்து சேரும்"ன்னேன். சொல்லி வாய் மூடலை, அவரு திடீர்னு ரெண்டு மிதி வேகமா மிதிச்சாரு. அவருக்கே தோணியிருக்கும்போல. இன்னொரு நாளு, "பூவு, நெம்பத் தாகமா இருக்குது, சம்பந்தி நிக்காம நான் எப்படி நிக்கறது"ன்னு சொல்லிட்டு வந்தேன். அடுத்த ஊரு சர்ச்சுக்குப் பக்கத்துல கொழாயைக் கண்டதும் அவரு எறங்கிட்டாரு. எறங்கி, "குடிங்க சம்பந்தி"ன்னு எனக்கு வழி உட்டாரு. அவரு குடிக்கவே இல்லை, பாருங்க. எனக்குத் தாகம் எடுக்கற நேரத்துலதான் அவருக்கும் நிக்கோணும்னு தோணும். ஒடம்பு வாகு ரெண்டு பேருக்கும் ஒண்ணு.

அவரைப் பத்தி எத்தனையோ சொல்லியிருக்கறேன் அந்தக் கேரியர்கிட்ட. கல்யாணத்துல எங்க பக்கத்துப் பந்தியில ரசம் சூடில்லைன்னு அவரு சொன்னது, சீர்த் தட்டை எண்ணுனது, எல்லாம். மனசுல எதையும் வெச்சுக்கற ஆளு இல்லீங்க நானு. சும்மா ஒரு ஞாபகத்துக்குச் சொல்றதுதான். அதைச் சொன்ன அன்னைக்கு அவரு காது ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு. அங்க காத்து நெம்ப சில்லுன்னு அடிக்குமுங்க, அதான்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். பேரு. பேர் வெக்கறது அவிய உரிமை. அப்பனைப் பெத்த தாத்தன் புள்ளை காதுல மூணு தடவை சொல்லோணும், அது அவிய வழக்கம். அவிய வீட்டம்மா ஈரோட்டுல நம்பர் பாக்கற ஜோசியர்கிட்டப் போயி ஒரு பேரு எழுதி வாங்கிட்டு வந்திருந்தாங்க. ஜ்யோத்ஷ்விகா. இப்பத்தான் எனக்கு ஒழுங்கா வருது. அங்க இருந்தப்ப நான் சொன்னா எனக்கே புரியாது. ஜோசியரு ஒரு எழுத்தைக்கூட மாத்தப்படாதுன்னுட்டாராம். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்படறதுக்குள்ள புள்ளை தவந்து பக்கத்து ஊருக்குப் போயிரும்.

எனக்கு ஒரு ஆசை இருந்துச்சுங்க. எங்க வீட்ல பேரை வெக்கோணும்னு. கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, கோகிலாவுக்கு ஒரு புள்ளை பொறந்து பாக்கோணும்னு சொல்லிட்டே இருந்தா. பாக்காமலே போயிட்டா. பேராச்சும் அந்த வீட்டுக்குள்ள இருக்கட்டுமேன்னு நெனச்சேன். ஆனா யாருகிட்டக் கேக்கறது? நான் கேட்டு அவிய மாட்டேன்னு சொல்லிட்டா, நடுவுல மாட்டிக்கறது என்ற பொண்ணுல்லீங்க? கோகிலாகிட்டக் கூடச் சொல்லலை. ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது. கேரியர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். "பூவு, பேத்திக்கு உன்ற பேரு வெக்கோணும்னு எனக்கு ஆசையா இருக்குது. முன்னால போற மனுசன்கிட்ட வாயெடுத்துக் கேக்க முடியலை. நீ என்னை மன்னிச்சுரு ஆத்தா"ன்னேன். அதே நேரம் பாத்து சம்பந்தி சைக்கிளு ஆடி, கோதுமைக் காட்டு ஓரத்துக்கே போயிருச்சு. எறங்கி நின்னு கண்ணைத் தொடைச்சாரு. என்னாச்சுங்கன்னு கத்திக் கேட்டேன். தூசி விழுந்துருச்சுன்னாரு. அந்த ஊர்ல தூசி ஏதுங்க? ஆனா அவரு சொன்னா நாம இல்லைன்னு சொல்ல முடியுங்களா.

பேர் வெக்கற அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள நல்ல நேரம் முடியுது. வெடியால வீட்ல ஒரே பரபரப்பு. ரெண்டு பேரும் காலுக்குள்ள நிக்காதீங்கன்னு வழக்கம்போல ரொட்டிக்கு அனுப்புனாங்க. அன்னைக்குப் பக்கத்து ஊர் ரொட்டிக்கடை லீவு. அதுக்கும் அடுத்த ஊருக்குப் போகச் சொன்னாரு மாப்பிள்ளை. "வர்றப்ப கல்லுச் சிலுவை நிக்கற முக்குல சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க, மறந்துராதீங்க"ன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொன்னாரு. சம்பந்தி அப்ப மெஷினைப் பையில போட்டுட்டு இருந்தாரு.

போனோம், ரொட்டி வாங்குனோம், கேரியர்ல கட்டுனேன். திரும்பி வர்றோம். கல்லுச் சிலுவை வந்துருச்சு. சம்பந்தி நின்னுட்டாரு. நின்னு, திரும்பி என்னையப் பாத்தாரு. சித்த நேரம் பாத்துட்டே இருந்தாரு. நான் என்ன பண்றது தம்பி? சோத்தாங்கைப் பக்கம்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா மொகத்தைப் பாத்துட்டு நிக்கற மனுசன்கிட்ட, இப்படிப் போங்கன்னு நான் கையைக் காட்டுனா, உங்களுக்கு வழி தெரியலைன்னு சொன்ன மாதிரி ஆகாதுங்களா? அதனால கையைக் கட்டிட்டு, மரியாதையா சிரிச்சேன். பூவாத்தாகிட்டக் கூட ஒரு வார்த்தை பேசலை. அவரு இன்னும் சித்த நேரம் காத்துட்டு நின்னாரு. அப்பறம் என்ன கேட்டாருங்கறீங்க? "ஏனுங்க சம்பந்தி, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?"

காது கேக்காதவருக்கு என்ன சத்தம் வேணும், நீங்களே சொல்லுங்க. நான் மறுபடியும் சிரிச்சேன். அவரு பெருமூச்சு உட்டுட்டு, பீச்சாங்கைப் பக்கம் திரும்பிட்டாரு.

நானும் பின்னாலயே திரும்பிட்டேன். வேற என்ன பண்றது?

ஏறுனோம், எறங்குனோம், மறுபடியும் ஏறுனோம். ஒரு காடு முடிஞ்சா இன்னொரு காடு. சூரியகாந்தி பூராவும் எங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது. நான் அவரு பாத்துக்குவாருன்னு போறேன். அவரு நான் எதாச்சும் சொல்லுவேன்னு போறாரு. அதைப் பின்னால அவரே சொன்னாரு, "நீங்க ஒண்ணும் சொல்லாம வந்தீங்க, செரியாத்தான் போறோம்னு நெனச்சுட்டேன்"னு. காது கேக்காத மனுசன்கிட்ட நான் என்னத்தைச் சொல்றது?

வெயில் தலைக்கு மேல வந்துருச்சு. ஒரு வேலிக்குப் பக்கத்துல சம்பந்தி சைக்கிளைப் போட்டுட்டு உக்காந்துட்டாரு. வேலிக்கு அக்கட்ட மாடுக. வெள்ளை வெளேர்னு, ஒவ்வொண்ணும் ஒரு வேன் அளவு. எல்லாம் எங்களையே பாக்குது. எனக்குப் பசி காதை அடைக்குது. ரொட்டி கேரியர்ல இருக்குது, ஆனா சம்பந்தி சாப்புடாம நான் எப்படி எடுக்கறது? மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிட்டு, "பூவு, பசி உசுரு போகுது"ன்னு முனகுனேன். ஒடனே அவரு எந்திரிச்சு வந்து ரொட்டியை ஒடைச்சுப் பெரிய பாதியை எங்கிட்ட நீட்டுனாரு. அவருக்கும் அதே நேரத்துல பசிச்சிருக்குது பாருங்க.

சாப்புட்டாச்சு. அப்பறந்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. நல்ல நேரம் முடியப் போகுது. சம்பந்தி போனை எடுத்தாரு, சிக்னல் இல்லை. மேட்டு மேல போனாக் கெடைக்கும்னு சைக்கிளைத் தள்ளிட்டு ஏறுனோம். அவருக்கு மூச்சு வாங்குது. நான் பின்னாலயிருந்து அவரு சைக்கிளையும் சேத்துத் தள்ளுனேன். நேரம் தப்பிப் போச்சுன்னா புள்ளைக்கு ஆகாதுன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. "பூவு, நாந்தான் அந்த முக்குல வாயைத் தொறந்திருக்கோணும். மரியாதை மரியாதைன்னு புள்ளை நேரத்தைக் கெடுத்துட்டனே. உன்ற பேரைக் கேக்கவும் வாய் வரலை, வழி சொல்லவும் வாய் வரலை. எதுக்கு ஆத்தா எனக்கு இந்த வாயி?"ன்னு பொலம்பிட்டே தள்ளுனேன். சம்பந்தி திரும்பிப் பாக்கலை. ஆனா அதுக்கப்பறம் அவரு எங்கயும் நிக்காம ஏறுனாரு.

மேட்டு உச்சியில போன் அடிச்சுது. மாப்பிள்ளைதான், வீடியோ. நேரமாச்சு அப்பா, நீங்க அங்கிருந்தே சொல்லுங்கன்னு போனைப் புள்ளை காதுக்குப் பக்கத்துல கொண்டுபோயி வெச்சாரு. அந்தப் பக்கத்துல அவிய வீட்டம்மா பேரை ஒரு அட்டையில பெருசா எழுதித் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறாங்க. ஜோசியரு சொன்ன எழுத்து ஒண்ணுகூடத் தப்பக்கூடாதுல்லீங்க. சம்பந்தி செருப்பைக் கழட்டிட்டாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டுனாரு. மாடுகளும் மேட்டோரம் வந்து வரிசையா நிக்குது.

"பூவாத்தா"ன்னாரு.

எனக்குக் காது அடைச்ச மாதிரி ஆயிருச்சு. அந்தப் பக்கம் அந்தம்மா, "அய்யோ, என்னங்க சொல்றீங்க? அட்டையைப் பாருங்க, அட்டையைப் பாருங்க"ன்னு கத்தறாங்க. இவரு, "ஒண்ணும் கேக்கலை, மெஷின் பையில இருக்குது"ன்னுட்டு மறுபடியும், "பூவாத்தா"ன்னாரு. அந்தம்மா அட்டையைக் கேமராவுக்கு ஒட்ட வெச்சுட்டாங்க, ஜ்யோன்னு மட்டுந்தான் தெரியுது. "கேக்கலை, கேக்கலை"ன்னுட்டு மூணாவது தடவையும் சொல்லிட்டாரு. அட்டையைப் படிக்கறதுக்குக் காது எதுக்குங்க? பதட்டத்துல அவருக்கு அதுகூடத் தோணலை, பாருங்க.

மூணு தடவை காதுல சொன்னது சொன்னதுதான். மாத்த முடியாதுங்க. என்ற பொண்ணு அந்தப் பக்கம் அழுகறா, சிரிக்கறா. நான் அந்த மேட்டுல, மாடுக முன்னால, சின்னப் புள்ளையாட்ட அழுதனுங்க. சொல்றதுல வெக்கம் என்ன இருக்குது. அவரு துண்டை அவுத்து எங்கிட்டக் குடுத்தாரு, தொடைச்சுக்கச் சொல்லி.

அவருக்கு எப்படி அந்தப் பேரு வாயில வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. நான் யாருகிட்டயும் மூச்சு உடலையே. அவிய பாட்டி யாராச்சும் பூவாத்தாவா இருந்திருப்பாங்க, அந்தப் பதட்டத்துல வந்திருக்கும். இல்லைன்னா எங்க வீட்லயே போயி அவரு காதுல சொல்லியிருப்பா. கேட்டுப் பாக்கலையாங்கறீங்களா? சம்பந்திகிட்ட எப்படிக் கேக்கறது?

அவிய வீட்டம்மா ரெண்டு நாளு அவருகூடப் பேசலை. அது அவருக்குத் தெரியவே இல்லை. மூணாம் நாளு புள்ளை கத்தி ஊரைக் கூட்டுது. அந்தம்மா ஜ்யோத்ஷ்விகான்னு ஆரம்பிச்சாங்க, முடிக்கறதுக்குள்ள புள்ளைக்கு மூச்சு முட்டுது. வேற வழியில்லாம "பூவு, பூவு"ன்னாங்க. கப்புன்னு அடங்கிருச்சுங்க. இப்ப அந்தம்மாதான் வீடு பூரா பூவு பூவுன்னு கூப்டுட்டுத் திரியறாங்க. நெம்ப நல்ல மனசுக்காரங்க. நானே அதைச் சொல்லலைன்னா எப்படி.

அன்னைக்கு வீட்டுக்கு எப்படி வந்தோம்னு சொல்லலை பாருங்க. மேட்டுல இருந்து எறங்கறப்ப நான் வழக்கம்போலப் பின்னால நின்னேன். அவரு சைக்கிளை நிறுத்தி, "சம்பந்தி, பக்கத்துலயே வாங்க. ரோட்டுல யாரு வரப் போறாங்க"ன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரரு சொல்றப்ப தட்டவும் முடியாது. ரெண்டு சைக்கிளும் ஒண்ணாப் போச்சு. கல்லுச் சிலுவை முக்குல, "எந்தப் பக்கமுங்க?"ன்னு என்னையக் கேட்டாரு. சொன்னேன். திரும்புனோம். அன்னைக்கு வீடு வர்ற வரைக்கும் நான் கேரியர்கிட்ட ஒரு வார்த்தை பேசலீங்க. பக்கத்துல ஒரு மனுசன் வர்றப்ப எப்படிப் பேசறது? ஆனா பேசாததும் எனக்குக் கொறையாத் தெரியலை.

சித்தப் பொறுங்க தம்பி, பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போச்சு. இந்த ஏரோப்ளேன் பொண்ணு தண்ணி கொண்டாராம எங்க போச்சுன்னு தெரியலை. "பூவு, தாகமா இருக்குது"ன்னு சொல்ல வேண்டியதுதான்.

அட, பாருங்க. கண்ணைத் தொறக்காமலே பாட்டலை எடுத்து நீட்டறாரு. மூடியைக் கூடத் தொறந்து வெச்சிருக்காரு. கும்புடறனுங்க சம்பந்தி, கும்புடறனுங்க. எப்படித்தான் இவருக்குத் தெரியுதோ. தூக்கத்துலயும் என்ற தாகம் இவருக்குத் தெரியுது, தம்பி. சிரிக்காதீங்க, அவரு முழிச்சுக்கப் போறாரு. அட, நானொருத்தன். நீங்க நல்லா சத்தமாவே சிரிங்க, அவருக்குத்தான் கேக்காதே.